பொங்கல் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மட்டக்களப்புத் தம்பிமார் இரண்டு பேர் போன வாரம் பொங்கல் லீவுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு நாள். முதல் மூன்று நாளும் சொந்தக்காரர் வீடுகள், கடைசி நாள் கோச்சி (ரயில்) ஏறுவதற்கு முன்னால் கூடப் படித்தவனை ஒரு எட்டுப் பார்ப்பது. கேட்டதும் எனக்குப் பகீரென்றது. கொழும்புக்கு வந்த புதிதில் நான் போட்ட அதே திட்டம். சார்ஜர், தண்ணிப் போத்தல் பற்றியெல்லாம் யாரும் சொல்லத் தேவையில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

போவதற்கு மட்டும் சீட் பிடிப்பது

வருவதற்கும் பிடியுங்கள். 30 நாளைக்கு முன்பே.

வந்து சேரும் நேரத்தை அடித்துச் சொல்வது

இரவுக் கோச்சி மின்னேரியா, கல்லோயாக் காட்டுப் பக்கம் யானைக்காக மெதுவாகத்தான் போகும். போகவும் வேண்டும். 2025 பெப்ரவரியில் அங்கே ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. "விடிய வந்திடுவேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மணிக்கணக்குச் சொன்னால் அந்த நேரத்துக்கே அப்பா ஸ்டேஷனுக்கு வந்து பனியில் நிற்பார்.

கூட்டாளியைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது

என் கூட்டாளி மண்டூர்ப் பக்கம், வெள்ளாமைக்காரன். எங்கள் வீடு எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே, களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட. அவனுடையது மேற்கே, படுவான்கரை. நடுவில் வாவி. குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறினால் அக்கரை மண்டூர். கண்ணுக்கு முன்னால் தெரிகிற ஊர்தானே என்ற எண்ணம்தான் என்னைக் கெடுத்தது. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாளைக் கடத்திவிட்டு, "நாலாம் நாள் காலையில வாறேன் மச்சான், எங்கேயும் போயிடாத" என்று போனில் சொன்னேன்.

எங்கேயும் போயிடாத. அப்படிச் சொன்னதுதான் பிழை. தைப்பொங்கல் நமக்கு லீவு. படுவான்கரையில் அது மாரி வெள்ளாமை முற்றி வெட்டுத் தொடங்குகிற காலம். வெட்டுகிற மெசின் வட்டைக்கு வட்டை, அதாவது வயல்வெளிக்கு வயல்வெளி, முறை வைத்துத்தான் வரும். அவனுடைய 3 ஏக்கருக்கு முறை விழுந்தது அந்த நாலாம் நாள். என்னிடம் அவன் மூச்சுவிடவில்லை. முறையைப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்துவிட்டு எனக்காக வீட்டில் இருந்தான்.

நானோ காலையில் போகவில்லை. சின்னம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், இருந்துவிட்டேன். துறைக்கு வந்தால் பாதை அக்கரையில் நிற்கிறது. அவன் வீட்டுப் படலையைத் திறக்கும்போது மூன்றரை மணி. விடியத் தோணியில் போய் எடுத்து வந்த நண்டைக் காலையிலேயே ஆக்கி, இரண்டு தரம் சூடாக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அவசரம் என்று தெரிந்து அவன் மனைவி நண்டுக் கால்களை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துக் கோப்பையில் போட்டிருந்தார். நாற்பது நிமிடம் இருந்தேன். அதிலும் பாதி நேரம் மணிக்கூட்டைப் பார்த்தபடி. அவன் துறை வரைக்கும் வந்து என்னை ஏற்றிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் இரவு மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, முளை விட்டுவிட்டது. அந்தச் சேற்றில் மெசின் இறங்காது. ஆள் பிடித்துக் கையால் வெட்டி, பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்திருக்கிறது. இதையும் அவன் சொல்லவில்லை. சித்திரைக்குப் போனபோது அவனுடைய அம்மாதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அண்டைக்கு நீ வாறாய் எண்டுதான் மனே மெசின விட்டவன். மறுகா மழை." அதைக் குறையாகச் சொல்லவில்லை, கோப்பையில் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் யாராவது "கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் எரிச்சல் வருகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? சீட் பிடிப்பதற்கு முன்பே போன் எடுத்து, "உனக்கு எப்ப வெட்டு?" என்று கேளுங்கள். கூட்டாளி கடலுக்குப் போகிறவராக இருந்தாலும் கடை வைத்திருப்பவராக இருந்தாலும் இதே கேள்விதான். அவர் "சும்மாதான் இருக்கிறன், வா" என்பார். நம்பாதீர்கள், வீட்டில் வேறு யாரிடமாவது கேளுங்கள். முதல் நாளிலேயே போய்விடுங்கள். வெட்டு நாளாக இருந்தால் வயலுக்கே போங்கள். போன தையில் நான் சாக்கின் வாயைப் பிடிக்க, அவன் நெல்லை அள்ளிக் கொட்டினான். உமித் தூசி கழுத்தெல்லாம் அரித்தது. மெசின் திரும்பி வருகிற இடைவெளிகளில் பேசினோம். அப்புறம் வாடியில், வயல் குடிசையில், இருந்து சோறு தின்றோம். பொழுதுபட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரே மதியத்தில் இரண்டு வீட்டில் சாப்பிட ஒத்துக்கொள்வது

வேண்டாம். இரண்டாவது வீட்டுக்குத் தேத்தண்ணிக்குப் போங்கள்.

தயிர்ச் சட்டியை முதல் நாளே வாங்குவது

மூன்று நாளில் புளித்துவிடும். வெளிக்கிடுகிற அன்று வாங்குங்கள். கோச்சியில் மேல் தட்டில் வைக்காமல் கால்மாட்டில் வையுங்கள். வளைவில் சட்டி சரிந்தால் கீழே தூங்குகிறவர் மேல்தான் கொட்டும்.