இன்சுலின் ஊசியைக் குப்பையில் சேர்க்கும் முன்: வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாளொன்றுக்கு நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒவ்வொரு முறையும் புதிய ஊசியைப் பயன்படுத்தினால், ஆண்டுக்கு 1,460 ஊசிகள் அவருடைய வீட்டிலிருந்து வெளியேற வேண்டியிருக்கும். சர்க்கரை அளவைப் பார்க்க விரலில் குத்தும் லான்செட்டுகள் இக்கணக்கில் இல்லை. மருந்தின் அளவையும் ஊசி போட வேண்டிய இடத்தையும் பொறுமையாகக் கற்றுத்தரும் மருத்துவர்கள்கூட, போட்டு முடித்த ஊசியை என்ன செய்வது என்பதைப் பல நேரங்களில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தோன்றிய வழியைப் பின்பற்றுகிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள் இப்படித்தான் வழக்கமாகிவிடுகின்றன.

அவற்றுள் மிகப் பரவலானது, ஊசியைச் செய்தித்தாளில் சுருட்டியோ கேரிபேக்கில் முடிந்தோ வீட்டுக் குப்பையோடு சேர்ப்பது. பேனா வடிவ இன்சுலின் கருவியின் முனையில் பொருத்தும் பேனா ஊசி 4 மி.மீ. நீளமே உடையது என்பதால் அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சிறிய ஊசிக்கு இரு முனைகள் உண்டு. ஒன்று உடலில் இறங்குவது, மற்றொன்று பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பியின் ரப்பர் அடைப்பைத் துளைப்பது. தாளும் நெகிழிப் பையும் இரண்டுக்குமே தடையாகா. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நாம் பிரித்துக் கொடுத்தாலும், அதை மீண்டும் கையால் கிளறிப் பிரிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்களே. மெல்லிய கையுறையை ஊசி எளிதாகத் துளைத்துவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் தன்மையோடு இருக்கக்கூடியது. மெல்லிய இன்சுலின் ஊசியில் ஒட்டியிருக்கும் இரத்தம் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் குத்துப்பட்டவருக்கு அது யார் போட்ட ஊசி, அவருக்கு என்ன தொற்று இருந்தது என்பது எதுவும் தெரியாது. பரிசோதனை முடிவுகள் தெளிவாகும் வரை பல வாரங்கள் அந்த அச்சத்தை அவர் சுமந்தாக வேண்டும்.

சற்றுக் கூடுதல் கவனமுள்ளவர்கள், காலியான தண்ணீர் பாட்டிலில் ஊசிகளைச் சேர்க்கிறார்கள். எண்ணம் சரிதான், பாட்டில்தான் தவறு. அதன் சுவர் மெல்லியது. மிதிபட்டால் நசுங்கி ஊசி வெளியே வந்துவிடும். அத்துடன், பழைய பொருள் கடையில் அதற்கு விலை உண்டு என்பதால், குப்பையிலிருந்து அதை எடுப்பவர் திறந்து கொட்டிப் பார்ப்பார். சலவைத் திரவமோ ஷாம்பூவோ வந்த, ஒளி ஊடுருவாத கெட்டியான நெகிழிப் பாட்டிலே ஏற்றது. அதன் மேல் 'ஊசிகள் உள்ளன, திறக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி மேலே டேப் சுற்றிவிட வேண்டும். இடம் பண்ணுவதற்காக உள்ளிருக்கும் ஊசிகளை விரலால் அழுத்துவதும், நிறைந்த பாட்டிலைக் காலிசெய்து திரும்பப் பயன்படுத்துவதும் கூடவே கூடாது.

ஊசி நம் கையிலேயே குத்துவது பல நேரங்களில் மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான். சிரிஞ்சு பயன்படுத்துபவர்கள் மூடியை மாட்டாமல் அப்படியே பாட்டிலில் போட்டுவிடலாம். பேனா ஊசியைக் கழற்ற வெளிமூடி தேவைப்படும். அதை மேசை மேல் நிறுத்தி, ஒரு கையால் பேனாவை மட்டும் பிடித்து ஊசியை அதற்குள் இறக்கித் திருகிக் கழற்றலாம். சிறிய உள்மூடியை ஒருபோதும் திரும்ப மாட்ட வேண்டாம். மனைவிக்குக் கணவரோ, தாய்க்கு மகளோ ஊசி போட்டுவிடும் வீடுகளில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே ஒருவர் இரத்தம் பட்ட ஊசி இன்னொருவர் விரலைக் குத்துகிறது. பிறர் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று ஊசியைக் கையால் வளைப்பதும் ஒடிப்பதும் அதே ஆபத்தைத் தாமே வரவழைப்பதுதான்.

கழிவறையில் போட்டு நீர் விடுவது, கொல்லையில் புதைப்பது, எரிப்பது ஆகிய மூன்றுமே வேண்டாம். உலோக முனை வீட்டு நெருப்பில் அழிவதில்லை. மண்ணில் புதைந்தது ஒருநாள் யார் காலிலாவது ஏறும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் பயன்படுத்தப்பட்ட ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தித் தனியே பிரித்துக் கொடுக்கச் சொல்லின. மருத்துவமனைகளில் இத்தகைய கூர்மையான கழிவுகளுக்கென்றே துளைபடாத வெள்ளைக் கொள்கலன்கள் உண்டு. ஆகவே நீங்கள் மருந்து வாங்கும் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மூடிய பாட்டிலை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்ப்பது முதல் வேலை. அது இயலாதபோது, தூய்மைப் பணியாளரிடம் நேரில், உள்ளே ஊசிகள் இருக்கின்றன என்று வாயால் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். வாசல் தொட்டியில் போட்டுவிட்டு வருவது போதாது.

இவ்வளவுக்குப் பிறகும் யாரையாவது ஊசி குத்திவிட்டால், அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று அவர் முடிவுசெய்தால், அதை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கியாக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி குறித்தும் அப்போதே கேட்க வேண்டும். குத்துப்பட்டவர் உங்கள் தெருத் தூய்மைப் பணியாளராக இருந்து, அந்த ஊசி உங்கள் வீட்டுடையதாக இருந்தால், தயங்காமல் ஒப்புக்கொண்டு அவருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்கள் இரத்தத்தையும் பரிசோதித்தால்தான் அவருக்கு என்ன சிகிச்சை தேவை, எது தேவையில்லை என்பதை மருத்துவர் விரைவில் தீர்மானிக்க முடியும்.