லீயான் ரைம்ஸ் கதையைச் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க கன்ட்ரி (கிராமிய மரபில் வந்த இசை) பாடகி லீயான் ரைம்ஸைப் பற்றி எழுதப்போகிறீர்களா? முதலில் "13 வயதில் ஒரே இரவில் நட்சத்திரமானார்" என்ற வரியை அடித்துவிடுங்கள். 1982-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனில் பிறந்தவர், குடும்பம் டெக்சாஸின் கார்லண்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு உள்ளூர் கன்ட்ரி மேடைகளில் பாடி, 8 வயதில் 'ஸ்டார் சர்ச்' தொலைக்காட்சிப் போட்டிக்குப் போய், டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டங்களில் தேசிய கீதம் பாடி, 11 வயது வாக்கில் நியூ மெக்சிகோவின் குளோவிஸில் இருக்கும் நார்மன் பெட்டி ஸ்டுடியோவில் ஒரு முழு ஆல்பமே பதிவு செய்துவிட்டார். 1996-இல் அவரைப் புகழ்பெறச் செய்த 'புளூ' பாட்டு வானொலியில் ஓடத் தொடங்கும்போது அந்தச் சிறுமி பல வருடம் வேலை பார்த்திருந்தார். அந்த உழைப்பை அதிர்ஷ்டம் என்று எழுதினால், பின்னால் வரும் வழக்குகள் எதற்கு என்பதே படிப்பவருக்குப் புரியாது.

அப்புறம், பழைய கன்ட்ரி பாடகி பேட்ஸி கிளைனை வைத்துச் சொல்லும் கதை. பாடலாசிரியர் பில் மேக் 'புளூ' பாட்டை பேட்ஸிக்காகவே எழுதினார், 1963-இல் அவர் விமான விபத்தில் இறந்துவிட்டதால் பாட்டு லீயானுக்காக 30 வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பில் மேக் 1958-லேயே அதைத் தன் குரலில் பதிவு செய்துவிட்டார், 1966-இல் கென்னி ராபர்ட்ஸ் என்ற பாடகரும் பாடியிருக்கிறார். பாட்டு காத்திருக்கவில்லை, முன்பு யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். 1997-இல் 14 வயதில் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி வாங்கியதைச் சொல்லும்போதும் "முதல் கன்ட்ரி பாடகி" என்று அழுத்திச் சொல்ல வேண்டாம், 1968-இல் அதே விருதை பாபி ஜென்ட்ரி வாங்கியிருக்கிறார்.

'ஹவ் டூ ஐ லிவ்' தோற்றுப்போன பாட்டு என்று எழுதுவதும் தப்பு. அதே பாட்டை இருவர் பாடினார்கள்; 'கான் ஏர்' படத்தில் இன்னொரு பாடகி டிரிஷா இயர்வுட்டின் குரல் இடம்பெற்றது, கிராமியும் அவருக்கே போனது, சரி. ஆனால் லீயானின் பதிவு அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் 2-ஆம் இடம்வரை ஏறி, பட்டியலில் மொத்தம் 69 வாரம் இருந்தது, அந்தச் சாதனை 2009 வரை முறியடிக்கப்படவில்லை.

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது பண விஷயத்தில்தான். 2000-இல் அவர் தன் அப்பா வில்பர் மீதும் இன்னொரு மேலாளர் மீதும் வழக்குப் போட்டார், தன் வருமானத்திலிருந்து 70 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்று. இது குற்றச்சாட்டு. அப்பாவும் பதில் வழக்குப் போட்டார், 2002-இல் சமரசமாக முடிந்தது. அதனால் "மகளைக் கொள்ளையடித்த அப்பா" என்று தீர்ப்பு எழுதும் உரிமை நமக்கில்லை. 2000-இலேயே அவர் தொடுத்த இன்னொரு வழக்கைப் பலர் மறந்தே போகிறார்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது: 12 வயதில் கர்ப் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று கேட்டார். ஆறாம் வகுப்புப் படிக்கும் வயதில் எத்தனை ஆல்பம் தருவது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பது முடிவாகிவிட்டது என்றால் அதில் அந்தப் பிள்ளையின் விருப்பம் எங்கே இருக்கிறது? வழக்கு நடக்கும்போதே, 2001 தொடக்கத்தில், நிறுவனம் 'ஐ நீட் யூ' ஆல்பத்தை வெளியிட்டது, இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில் புது ஒப்பந்தம் போட்டுத்தான் பிரச்சினை தீர்ந்தது. அப்பாவை மட்டும் வில்லனாக்கினால் இந்தப் பாதி கதை காணாமல் போகிறது.

2009-க்குப் பிறகு திருமண முறிவுச் செய்திகளை மட்டும் அடுக்கி "வீழ்ச்சி" என்று முடிப்பவர்களும் உண்டு. அவருக்கு 2 வயதிலிருந்தே சோரியாசிஸ் என்ற தோல் நோய். 6 வயதில் கை, பாதம், முகம் தவிர உடம்பில் சுமார் 80 சதவீதம் அது பரவியிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார், மேடையில் அதை மறைத்துக்கொண்டுதான் பாடினார். 2012-இல் 30 வயது ஆன கையோடு மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுக்கப் போனதை ஊடகங்கள் பரபரப்பாக்கின. பிள்ளைப் பருவம் முழுக்க வேலை பார்த்தவர் சிகிச்சைக்குப் போனதில் பரபரப்புக்கு என்ன இருக்கிறது? 2007-இல் வந்த 'ஃபேமிலி' ஆல்பத்தின் பாடல்களை எழுதியதில் அவருக்குப் பங்கு உண்டு. 2022-இல் 'காட்ஸ் வொர்க்' அவருடைய சொந்த நிறுவனத்திலிருந்து வந்தது. அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு எழுதட்டும்.