பத்து நாள் தானியேல் உபவாசம்: முதல் தடவை இருப்பவர்களுக்கு நம்மூர்ச் சமையல் திட்டம்

எங்கள் ஜெபக்குழுவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் நெருங்கினாலே கேட்பார்கள், "அக்கா, தானியேல் உபவாசத்தில் என்னென்ன சாப்பிடலாம்?" என்று. வேதாகமத்தில் தானியேல் செய்த மாதிரி, சில நாள் எளிய மரக்கறி உணவு மட்டும் சாப்பிட்டு ஜெபிப்பதுதான் இந்த உபவாசம். பட்டியல் சொல்ல இரண்டு நிமிடம் போதும். காய், கீரை, பழம், பயறு, பருப்பு, சிறுதானியம், கடலை, தண்ணீர். இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், மோர், நெய், சர்க்கரை, வெல்லம், தேன், மைதா, எண்ணெயில் பொரித்தது எதுவும் கிடையாது. தாளிக்க ஒரு கரண்டி எண்ணெய் உண்டு.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் என் முதல் உபவாசத்தில் ஒன்பதாம் நாள் விழுந்தேன். நீங்கள் அப்படி விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரம்பித்ததே 21 நாள். நாலாம் நாள் வேலை முடிந்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு சேர மணி எட்டாகிவிட்டது. அடுப்படியில் ஊறவைத்த பயறு ஒன்றும் இல்லை. சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுப் படுத்தேன். மறுநாளும் அதே கதை. தொடர்ந்து ஐந்து நாள் வெறும் சோறும் வாழைப்பழமுமாக ஓடியது. ராத்திரி முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. ஒன்பதாம் நாள் பிள்ளைகளுக்கு முட்டை பொரித்தபோது கை நடுங்கியது, நானும் சாப்பிட்டுவிட்டேன். அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதேன். பசியை விட என்னை அதிகம் வாட்டியது வேறொன்று. அந்த ஒன்பது நாளும் நான் தேவனை நினைத்ததைவிட, அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று நினைத்ததுதான் அதிகம்.

அடுத்த வருஷம் வேறு மாதிரி செய்தேன். அதன் பிறகு ஒரு தடவையும் பாதியில் விட்டதில்லை.

எத்தனை நாள்?

பத்து நாள் போதும். தானியேல் புத்தகத்தில் இரண்டு இடம் இருக்கிறது. முதல் அதிகாரத்தில், பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட வாலிபனாக, தானியேல் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தீர்மானித்து, பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கேட்டுவாங்கிப் பத்து நாள் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். பத்தாம் அதிகாரத்தில், கோரேசு ராஜாவின் மூன்றாம் வருஷத்தில், மூன்று வாரம் துக்கித்திருந்து ருசிகரமான அப்பமும் இறைச்சியும் திராட்சரசமும் தவிர்க்கிறார். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 70 வருஷம். வாலிபத்தில் பத்து நாள், முதிர்ந்த வயதில் 21 நாள். நாம் மட்டும் எடுத்த எடுப்பில் 21-இல் போய் நிற்பானேன்?

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா எலத்தகிரியிலிருந்து வந்த கத்தோலிக்கர். அவர்கள் தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) என்று வைத்துக்கொள்கிற முறை வேறு. ஆனால் கீழே சொல்லும் ஊறப்போடும் கணக்கு அவர்கள் வீட்டுக்கும் உதவியதாகச் சொன்னார்கள்.

ஒரு வாரம் முன்னாலேயே டீயைக் குறையுங்கள்

நான் நாளைக்கு நாலு டீ குடிக்கிற ஆள். பால் நிறுத்தினால் டீயும் நின்றுவிடும் என்று யோசிக்கவே இல்லை. இரண்டாம் நாள் நெற்றிப்பொட்டில் இடி மாதிரி தலைவலி. உபவாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அன்றைக்கே விட்டுவிடுவார்கள். டீ, காபி குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று அது கிடைக்காமல் தவிப்பதால் வருகிற தலைவலி அது, சில நாளில் தானாகப் போய்விடும். முந்தின வாரமே நாலை மூன்றாக்கி, இரண்டாக்கி, கடைசியில் ஒன்றாக்கிவிட்டால் வலி பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாகத்தான் இருக்கும். முதல் மூன்று நாள் வெல்லம் போடாத சுக்குமல்லி குடிக்கலாம், அப்புறம் தண்ணீரே போதும்.

ஊறப்போடும் நோட்டு

என் காலை வாரியது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என்ன சமைப்பது என்று திட்டம் போடாதீர்கள். என்ன ஊறப்போடுவது என்று போடுங்கள். பால், முட்டை, கறி இல்லாத நாட்களில் உடம்பைத் தாங்குவது பயறும் பருப்பும்தான். ராத்திரி ஊறப்போடாத பயறு காலையில் சீக்கிரம் வேகாது. ஒரு பாத்திரம் ஊறிக்கொண்டிருந்தால் நாளைய கவலை தீர்ந்தது, மனசு ஜெபத்துக்குப் போகும். ஒருவருக்கு ஒரு வேளைக்குக் காய்ந்த பயறு ஒரு பெரிய கைப்பிடி, சுமார் 50 கிராம். நாளைக்கு இரண்டு வேளையாவது பயறோ பருப்போ இருக்கவேண்டும்.

இதற்கு போனில் ஆப் எல்லாம் வேண்டாம். அடுப்படிச் சுவரில் ஆணியில் மாட்டிய ஒரு நாற்பது பக்க நோட்டுதான் எனக்குச் சரிப்பட்டது. இடது பக்கம் "இன்று ராத்திரி ஊற", வலது பக்கம் "நாளை". ராத்திரி ஜெபத்துக்கு உட்காருவதற்கு முன் இடது பக்கத்தை முடித்துவிடுவேன்.

துவரம்பருப்புக்கு அரை மணி நேரம். பச்சைப்பயறுக்கு ஆறு மணி நேரம். கொள்ளு, கறுப்புக் கொண்டைக்கடலை, காய்ந்த மொச்சை மூன்றும் ராத்திரி முழுக்க, எட்டு முதல் பத்து மணி நேரம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வயிற்றில் காற்றடைப்பது இதிலேயே பாதி குறைந்துவிடும். மீதிக்கு இஞ்சியும் பெருங்காயமும் இருக்கிறது.

திங்கட்கிழமை ஆரம்பித்தால் அடுத்த வாரம் புதன் வரை பத்து நாள் வரும். முதல் மூன்று நாள் துவரம்பருப்பும் பச்சைப்பயறும் மட்டும். பழக்கமில்லாத வயிற்றில் முதல் நாளே மொச்சையைப் போட்டால் வயிறு உப்பி, உட்காரவே முடியாது. நாலாம் நாளிலிருந்து கொள்ளு, கடலை, மொச்சை என்று மாற்றி மாற்றி. லெந்து காலம் வெயில் ஏறுகிற சமயத்தில் வருவதால் கொள்ளை நான் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வைப்பேன், சூடு என்று எங்கள் அத்தை விடமாட்டார்கள். குக்கரில் ஆறு விசில். வடித்த தண்ணீரில் மதியத்துக்குக் கொள்ளுச்சாறு, கொள்ளில் பாதியை அரைத்துச் சாற்றில் சேர்த்து, மீதியில் ராத்திரிக்குச் சுண்டல்.

முளைகட்டுவதற்குப் பிளாஸ்டிக் டப்பா வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன், அடியில் தண்ணீர் தேங்கி வாடை வந்துவிட்டது. பழைய பருத்தி வேட்டித் துணியில் மூட்டை கட்டிக் குழாயில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் ஒரே நாளில் பச்சைப்பயறு முளைவிட்டுவிடும்.

மூன்று வேளை

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்த உபவாசம் புதுசே இல்லை. நம் தாத்தா பாட்டி சாப்பிட்டது பெரும்பாலும் இதுதான். கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, கீரை. ஓட்ஸ், பாதாம் பால் என்று செலவு செய்யவேண்டிய அவசியமே இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால் இல்லையே என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

காலையில் கேழ்வரகுக் கூழ். மோர் கிடையாது. "மோர் இல்லாம கூழா?" என்று அத்தை முதலில் முகம் சுளித்தார்கள். கூழ் ஆறியதும் எலுமிச்சம்பழச் சாறு, உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய் சேர்த்துக் கலக்கிக் கொடுத்தேன். இப்போது உபவாசம் இல்லாத நாளிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். கூட ஒரு கிண்ணம் முளைப்பயறு.

மதியம் சாமைச்சோறு. சித்தேரி மலைச் சாமை கிடைத்தால் விடாதீர்கள். இருபது நிமிடம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், அவரைக்காய்ச் சாறு, தக்காளிப் பருப்பு. எங்கள் பிறந்த வீடு பாலக்கோடு பக்கம். அங்கே மார்க்கெட்டில் தக்காளி விலை இறங்குகிற நாளில் மொத்தமாக வாங்கிவந்து வெறும் உப்பு போட்டுச் சுண்டவைத்து எடுத்துவிடுவேன், நாலைந்து நாளைக்குக் கவலை இல்லை. கீரையை மிக்ஸியில் போடாதீர்கள், பச்சை வாடை வரும். மண்சட்டியில் மத்து வைத்துக் கடைந்தால்தான் கீரை.

ராத்திரி சுண்டலும் பழமும், அல்லது களி.

களியை மட்டும் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் டவுனில் வளர்ந்த பிள்ளைகள் அதில் தடுமாறுகிறார்கள். இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி சாமை போடுங்கள். நொய் அரிசிக்குப் பதில் அது. சாமை முக்கால் வேக்காடு வந்ததும் ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் கும்பலாகக் கொட்டுங்கள். கிளறக்கூடாது. நான் முதலில் கிளறிக் கிளறிக் கட்டி கட்டியாக்கினேன். துடுப்பின் காம்பால் மாவின் நடுவே ஒரு குழி செய்து, தீயைச் சிறிதாக்கி, மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் அந்தக் குழி வழியாக மேலே கொதித்து வந்து மாவை வேகவைக்கும். அப்புறம் இறக்கி, இரண்டு காலாலும் சட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் அழுத்திக் கிளறவேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் அடுப்பில் வையுங்கள்.

இனிப்பு கேட்கிறவர்கள் பேரீச்சம்பழம் இரண்டு சாப்பிடலாம். ஈஸ்டர் ஏப்ரலில் வருகிற வருஷம் என்றால் உபவாசத்தின் கடைசியில் பெங்களூரா மாங்காய் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு இரண்டு கீற்று சாப்பிட்டால் வாய்க்கு அதுவே விருந்து.

இட்லி சாப்பிடலாமா?

இதைப் பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் தனியாகச் சேர்க்கிறேன். தானியேல் உபவாசம் இருக்கும் பலர் புளித்த மாவு கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இட்லி மாவில் நாம் ஈஸ்ட் போடுவதில்லை, ஆனால் அது தானாகப் புளிக்கிறது. நான் பத்து நாளும் இட்லி, தோசையை விட்டுவிடுகிறேன், கூழையும் புளிக்கவைக்காமல் அன்றன்றைக்குக் காய்ச்சுகிறேன். இட்லி என்றால் சட்னி, சாம்பார் என்று தினசரிச் சமையல் திரும்ப வந்துவிடுகிறது, உபவாச நாள் என்பதே மறந்துபோகிறது. இது என் காரணம் மட்டும்தான். உங்கள் போதகர் சாப்பிடலாம் என்றால் சாப்பிடுங்கள், மனச்சாட்சியில் உறுத்தல் வேண்டாம்.

கடையில் வாங்கும் எதையும் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். கோதுமை ரொட்டி என்று வாங்கியதில் பால் பவுடரும் சர்க்கரையும் இருந்தது. சைவம் என்று பச்சைப் புள்ளி போட்டிருந்தால் பால் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

வீட்டில் மற்றவர்களுக்கு

எனக்கு ஒரு சட்டி, அவர்களுக்கு ஒரு சட்டி என்று வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் நாலே நாளில் அலுத்துவிடும். சாறும் கீரையும் எல்லோருக்கும் ஒன்று. உங்கள் பங்கை எடுத்துவைத்த பிறகு அவர்களுக்குத் தயிரோ முட்டையோ சேர்த்துக்கொள்ளட்டும். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் உபவாசிக்கும்போது முகவாடலாய் இராதே, தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்கிறார். ஒரே பந்தியில் சிரித்த முகமாய் உட்கார்ந்து சாப்பிடுவதும் அதில் அடங்கும்.

விருந்துக்கோ வேறு வீட்டுக்கோ போகவேண்டியிருந்தால் முந்தின நாளே சமைக்கிறவர்களிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். தானியேலும் விசாரிப்புக்காரனிடம் கேட்டுத்தான் வாங்கினார், தட்டைத் தள்ளிவிடவில்லை.

ஓசூரில் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் ஒரு தங்கை, கேன்டீனில் என்ன செய்வது என்று கேட்டாள். சோறும் சாம்பாரும் எடுத்துக்கொள், மோரையும் அப்பளத்தையும் விட்டுவிடு, முளைப்பயறும் வறுத்த நிலக்கடலையும் டப்பாவில் கொண்டுபோ என்றேன். பட்டை தீட்டிய அரிசி கூடாதே என்று தயங்கினாள். கிடைத்த இடத்தில் கிடைத்ததை நன்றியோடு சாப்பிடட்டும், வீட்டில் சாமை இருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம். உணவு மாறும்போது அதே அளவு மருந்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். இதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள்.

இன்னொன்று. சாமை அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனியாக ஒரு டப்பாவில் போடுவேன், சபையில் கைப்பிடி அரிசி எடுப்பது மாதிரி. கறிக்கும் பாலுக்கும் ஆகிற காசையும் அதிலேயே வைப்பேன். பத்தாம் நாள் சாயங்காலம் அதை எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு வருவேன். உன் ஆகாரத்தைப் பசியுள்ளவனுக்குப் பகிர்ந்துகொடு என்று ஏசாயா 58-இல் இருப்பதை நான் இப்படித்தான் செய்யப் பழகினேன்.

பதினோராம் நாள் காலையிலேயே பிரியாணிக்குப் போகாதீர்கள். முதலில் மோர் ஊற்றிய கூழ், மதியம் தயிர்ச்சோறு, மறுநாள் முட்டை, அதற்கும் மறுநாள் கறி. அந்த முதல் கூழுக்கும் மாவை முந்தின ராத்திரியே கரைத்துப் புளிக்கவைக்க மறந்துவிடாதீர்கள். நோட்டில் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதிவிடுங்கள்.