மூன்று வயதுக்குப் பென்சில் எதற்கு? வீட்டில் கைவேலை பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் மழலையர் வகுப்பு நடத்துகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வரும் பெற்றோரும், புதிதாகச் சேரும் மிஸ்களும், பிள்ளைகளுக்குக் கைவேலை பழக்குவதில் நான் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகளைச் செய்கிறார்கள். செல்போன் கொடுக்காதீர்கள், அடிக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். கேட்கிறார்களா என்பது வேறு விஷயம்.

பயிற்சிச் சாமான்களைப் பெட்டி பெட்டியாக வாங்குவது

மொறம், கொட்டாங்குச்சி, இரண்டு சின்னப் போசி (பாத்திரம்) போதும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்து ஏழைகள் குடியிருப்பில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் கை கழுவவும் பொத்தான் மாட்டவும் பழகினார்கள். அவர் பெயரைச் சொல்லி இன்று விற்கும் பெட்டிகளின் விலையைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

மூன்று வயதில் எழுத வைப்பது

விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி 'அ' எழுத வைப்பது நல்ல வழக்கம். அரிசியில் விரல் ஊர்வது பிள்ளைக்கும் பிடிக்கும். வம்பு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. கோடு போட்ட நோட்டு வாங்கி, பின்னால் உட்கார்ந்து, பிள்ளையின் கையைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்கள். இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

ஒன்றரை வயதில் பிள்ளை கிரேயானை உலக்கை மாதிரி முஷ்டியில் பிடிக்கும். அப்புறம் விரல்கள் மெல்லப் பிரிந்து வரும். மூன்று விரல் பிடி அமைய நான்கு, ஐந்து வயதாகும். சிலருக்கு ஆறும் ஆகலாம். பார்த்து வரைவதிலும் வரிசை உண்டு. மூன்று வயதில் வட்டம், நான்கை ஒட்டிக் கூட்டல் குறி, அப்புறம் சதுரம், ஐந்து வாக்கில் முக்கோணம். நம் 'அ'வில் சுழி, வளைவு, கோடு எல்லாம் சேர்ந்து வருகிறது. கூட்டல் குறியே போட வராத கையிடம் அதைக் கேட்கிறோம்! எழுதும் வயது வந்தாலும் ட, ப என்று நேர்கோட்டு எழுத்தில் தொடங்குவதுதான் சுலபம்.

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான், நான்கு வயது. "எங்க சாமி நோட்டு முழுக்க எழுதீட்டானுங்க" என்று அவன் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) ஒரே பெருமை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, தாள் கிழிகிற அழுத்தத்தில் எழுதுவான். இரண்டு வரிக்குள் "கை நோவுது மிஸ்". படம் வரையக் கூப்பிட்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். இப்படிப் படிந்துபோன பிடியை மாற்றுவது புதிதாகப் பழக்குவதைவிடப் பெரிய பாடு.

நோட்டை எடுத்து வைத்துவிட்டு, கொடியில் துணி கிளிப் மாட்டவும், சப்பாத்தி மாவைப் பிசையவும், கடலைக்காய் உரிக்கவும் விட்டோம். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தினால்தான் ஓடு உடையும், கிளிப் திறக்கும். பென்சிலுக்கு வேண்டிய பலமும் அதேதான். "கடலைக்காய் உரிக்கறதுக்குங்களா பீசு கட்டறோம்?" என்று அம்மிச்சி கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் வீட்டிலேயே செய்யுங்கள் என்கிறேன். அந்த வருஷம் முடியும் தறுவாயில்தான் அவன் கட்டைவிரல் வெளியே வந்தது.

எல்கேஜி சேர்க்கைக்கே எழுதிக் காட்டச் சொல்கிறார்களே என்பீர்கள். சொல்கிறார்கள்தான். அந்தப் பள்ளிக்கு என் பேத்தியை அனுப்ப மாட்டேன்.

பிடுங்கி நாமே செய்வது

பிள்ளை சிந்திய பயறை அதுவே பொறுக்குவதும் விரலுக்கு வேலைதான். விடுங்கள்.

பொய் வேலை கொடுப்பது

மணிகளைக் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொன்னால் இரண்டாம் நாளே பிள்ளைக்குத் தெரிந்துவிடும், இது சும்மா என்று. ராத்திரிக் குழம்புக்கான தட்டைக்காயை ஒடிக்கக் கொடுங்கள். சாப்பிடும்போது "இது நான் ஒடிச்சது" என்று ஊருக்கே சொல்லும். ஒடித்தது கோணல்மாணலாக இருந்தால் குழம்பு ஒன்றும் கெட்டுப்போகாது.

தனியாக விட்டுப் போவது

புளியங்கொட்டை, நிலக்கடலைப் பருப்பு, பாசிமணி எல்லாம் மூச்சுக்குழாயில் போய் அடைக்கக்கூடியவை. மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் இவை கைக்கே எட்டக் கூடாது. அதற்கு மேல் என்றாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். உரித்த பருப்பு பெரியவர் கிண்ணத்துக்குப் போகட்டும்.

இடது கையை மாற்றுவது

வேண்டாம். கத்தரிக்கோல் மட்டும் இடது கைக்காரர்களுக்கென்று தனியாக விற்கிறது. அதற்குத் தாராளமாகச் செலவு செய்யலாம்.