ட்ரைபாடுக்குப் பதில் பழைய ஜீன்ஸ்

விலங்குகளைப் படமெடுக்க, கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதுதான் கவனித்தேன்: நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து போகும் குட்டி விமானத்தில் கைப்பையையும் சேர்த்து 15 கிலோதான். தூரத்து விலங்கைக் கிட்டே காட்டும் என் 150-600 மி.மீ. கேமரா லென்ஸும், அதைத் தாங்கும் ட்ரைபாடும் (முக்காலி) மட்டுமே ஐந்து கிலோ. அதோடு ஜீப்பில் ட்ரைபாடை விரிக்க இடமே இருக்காது என்றார் போய்வந்த நண்பர்.

சரி, ட்ரைபாடு வீட்டிலேயே இருக்கட்டும். பழைய ஜீன்ஸின் ஒரு காலை முழங்காலோடு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறுமுனையில் ஜிப் வைத்தேன். காலியாகக் கொண்டுபோய், முகாம் சமையலறையில் அரிசி கேட்டு நிரப்பினேன். முக்கால் பங்குதான், முழுக்க நிரப்பினால் லென்ஸ் உருளும். ஜீப்பின் கூரை விளிம்பில் போட்டு நடுவில் கையால் குழி பண்ணினால் லென்ஸ் தொட்டிலில் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் சிறுத்தைப் படங்கள் அப்படியும் கலங்கின. இன்ஜின் அதிர்வு! அப்புறம் நிறுத்தச் சொல்லியே எடுத்தேன்.

புழுதிக்கு பிளாஸ்டிக் பை மறந்துவிடுங்கள், அங்கே 2017 முதல் தடை. தலையணை உறைதான் போர்த்தினேன். கடைசி நாள் அரிசியைத் திருப்பிக் கொடுத்தபோது சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.