இதயப் படிமவியல் ஆசிரியராக விரும்புவோருக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவர், இதயத்தைப் படமெடுத்து நோயறியும் துறையான இதயப் படிமவியலில் ஆசிரியராக விரும்பினால், உள்ளிருப்புப் பயிற்சி உட்பட 5½ ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்து, முதுநிலை நீட் எழுதி, கதிரியக்க நோயறிதலில் 3 ஆண்டு எம்.டி. படிக்க வேண்டும். பிறகு இதயப் பிரிவுக்கென ஃபெல்லோஷிப் பயிற்சி பெறுவது நல்லது.

பட்டங்களைவிட முக்கியம், துடித்துக்கொண்டே இருக்கும் உறுப்பைப் படமெடுக்கும் நுட்பம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60க்குக் கீழ் இருந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய்களின் சி.டி. படம்) தெளிவாக அமையும் என்பதால், தேவைப்பட்டால் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்து, ஈ.சி.ஜி. அலையோடு இணைத்து, இதயம் சற்றே அசைவு குறையும் கணத்தில் படமெடுக்கிறோம். அந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும் என்பதால், கொடுக்கும் முன் ஆஸ்துமா உண்டா என்று நீங்களே கேளுங்கள். காசிமேட்டில் மீன்கூடை சுமந்துவிட்டு நேரே வந்தவரைச் சிறிது நேரம் உட்காரவைத்து, மூச்சை அடக்கும் முறையை அவருக்குப் பழகிய பேச்சிலேயே சொல்லி ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பொறுமையே இத்துறையின் முதல் பாடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எம்.ஆர்.ஐ.யில் இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்துக் குறிக்கப் பழகுங்கள். காடோலினியம் என்னும் நிறவேறுபாட்டு மருந்தைச் செலுத்தியபின் தாமதமாகப் பளிச்சிடும் தழும்பு உள்ளடுக்கிலிருந்து தொடங்கினால் மாரடைப்பையும், நடு அடுக்கில் மட்டும் இருந்தால் பிற தசைநோய்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். உங்கள் அறிக்கைகளைக் கதீட்டர் ஆய்வு (ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் சோதனை) முடிவுகளோடு ஒப்பிட்டு, தவறியவற்றைக் குறித்துவைத்தால், ஆய்வுக் கட்டுரைக்கான கேள்விகளும் வகுப்புக்கான பாடங்களும் அங்கிருந்தே கிடைக்கும்.