நாய்க்குட்டிக்குக் கண்ணாடியைப் பழக்குவது எப்படி?

புதிதாக வந்த குட்டி அலமாரிக் கண்ணாடியைப் பார்த்து ஓயாமல் குரைக்கிறது, என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். கோலாலம்பூர் வீடுகளில் குட்டியின் கண்ணில் கண்ணாடி படாமல் பார்த்துக்கொள்வது நடக்காத காரியம். படுக்கையறை அலமாரியின் தள்ளுகதவு முழுக்கக் கண்ணாடி. கொண்டோவில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் லிஃப்டிலும் கண்ணாடி. இருட்டியதும் பால்கனியின் கண்ணாடிக் கதவிலும் உருவம் தெரியும். அதனால் குட்டியாக இருக்கும்போதே பழக்கிவிடுவதுதான் நல்லது. தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

எப்போது தொடங்கலாம்?

குட்டி பிறந்து ஏறக்குறைய 2 வாரத்தில் கண் திறக்கும், காது கேட்கத் தொடங்க இன்னும் சில நாள் ஆகும். 3 முதல் 14 வாரம் வரை அது உலகத்தோடு பழகிக்கொள்ளும் பருவம். அப்போது நிம்மதியாகப் பார்த்த பொருளை வளர்ந்த பிறகும் சாதாரணமாகவே எடுத்துக்கொள்ளும். மிரண்டு பார்த்தது மனதில் தங்கிவிடும். பெரும்பாலும் 8 வாரக் குட்டிகள்தான் வீட்டுக்கு வருகின்றன. வந்த அன்றே கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். முதலில் வீட்டின் வாசனையும் உங்கள் குரலும் பழகட்டும். தடுப்பூசி முடியும்வரை வெளியே விட முடியாமல் தவிக்கும் வாரங்களுக்கு இது ஏற்ற பயிற்சி.

படி 1: இடத்தைப் பாருங்கள்

சுவரிலோ அலமாரியிலோ அசையாமல் பொருத்திய கண்ணாடிதான் வேண்டும். சும்மா சாய்த்து வைத்த நிலைக்கண்ணாடியைக் குட்டி காலால் தட்டினால் மேலேயே விழும். பளிங்குத் தரையாக இருந்தால் ஒரு பாய் விரியுங்கள். பயந்து பின்வாங்கும்போது கால் வழுக்கினால் பயம் இரண்டு மடங்காகும்.

வெயில் நேராகக் கண்ணாடியில் படும் நேரம் வேண்டாம், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். கண்ணாடியில் பட்டுச் சுவரில் ஓடும் வெளிச்சப் பொட்டைத் துரத்துவது குட்டிகளுக்குப் பிடித்த விளையாட்டு. நமக்கும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு துரத்தினாலும் அது பிடிபடாது. சில நாய்களுக்கு இதுவே விடமுடியாத பழக்கமாகி, சோறு தண்ணீர் மறந்து சுவரையே வெறித்துக்கொண்டிருக்கும். லேசர் விளக்கைக் காட்டி விளையாட வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

படி 2: குட்டி தானாக வரட்டும்

பலர் அவசரப்படுவது இங்கேதான். குட்டியைத் தூக்கிக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, “பாரு, யார் இது?” என்று கொஞ்சுவார்கள். பிடியில் இருக்கும் குட்டியால் விலகிப் போக முடியாது. கண்ணெதிரே ஒரு அந்நிய நாய், ஓட வழியில்லை என்றால் மிரளாமல் என்ன செய்யும்? நீங்கள் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். வேகவைத்த கோழியை உப்பு, மசாலா இல்லாமல் பொடிப்பொடியாகக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குட்டி கண்ணாடிப் பக்கம் திரும்பினாலே ஒரு துண்டு. அருகே வந்தால் இன்னொன்று. விலகினால் விட்டுவிடுங்கள், கூப்பிட வேண்டாம்.

படி 3: உடம்பைப் படியுங்கள்

முதலில் சட்டென்று நிற்கும், காது முன்னால் வரும், தலை ஒரு பக்கம் சாயும். பிறகு மூக்கைக் கண்ணாடியில் வைத்து ஈரத்தடம் பதிக்கும். மோந்து பார்த்தால் வாசனையே இல்லை! பல குட்டிகள் அடுத்து அலமாரியின் பக்கவாட்டில் போய், சுவர் இடுக்கில் மூக்கை விட்டு அந்த நாயைத் தேடும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கண் சொன்னதை மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் தானே போய்ச் சரிபார்க்கிறது.

முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி வாலாட்டினால் விளையாடக் கூப்பிடுகிறது என்று பொருள். அப்படியே விடலாம். வால் கீழே போய், உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால், ‘போதும், விட்டுவிடு’ என்று அர்த்தம். முதுகு மயிர் சிலிர்ப்பது கோபம் மட்டுமல்ல, படபடப்பாலும் சிலிர்க்கும்.

படி 4: குரைத்தால்

அதட்டாதீர்கள். அந்தக் கண்ணாடி நாய் வந்தால் திட்டு விழும் என்று குட்டி கணக்குப் போட்டுவிடும். சிரித்துக் கைதட்டி வீடியோ எடுக்கவும் வேண்டாம், குரைப்பு வளரும். இரண்டடி தள்ளிக் கூட்டிப்போய் அமைதியானதும் தீனி கொடுங்கள். மறுநாள் அந்தத் தூரத்திலிருந்தே தொடங்கலாம். அப்புறமும் குரைத்தால் கண்ணாடியின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள்.

படி 5: ‘தன்னை’ அறியுமா என்று சோதிக்க வேண்டாம்

சில நாட்களில் பெரும்பாலான குட்டிகள் கண்ணாடியைக் கண்டுகொள்ளாமல் போகும். அறிவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1970-இல் கார்டன் கேலப் என்ற அமெரிக்க உளவியலாளர் சிம்பன்சிகளின் முகத்தில் சாயம் பூசிக் கண்ணாடி காட்டினார். அவை தம் முகத்திலிருந்த சாயத்தையே தொட்டுப் பார்த்தன. நாய்கள் இந்தச் சோதனையில் தேறவில்லை. மனிதக் குழந்தைக்கே இது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் கைகூடும்.

நாயிடம் கேட்க வேண்டிய கேள்வியை மூக்கின் வழியாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் மார்க் பெக்காஃப் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர், நாய்கள் சிறுநீர் கழித்த பனியை அள்ளி இடம் மாற்றி வைத்து, தன் நாய் ஜெத்ரோவைக் கவனித்தார். தன்னுடையதை அது அதிகம் மோக்கவில்லை, மற்ற நாய்களுடையதில்தான் நேரம் செலவிட்டது. 2017-இல் நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் வெளியிட்ட ஆய்வில், தங்கள் வாசனையோடு வேறொரு வாசனை கலந்தபோது நாய்கள் கூடுதல் நேரம் நின்று மோந்தன. தன் வாசனை எது என்று நாய்க்குத் தெரிகிறது போலும்.

படி 6: லிஃப்ட்

வீட்டில் பழகிய பிறகு லிஃப்ட். ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள். கழுத்துவாரைக் குட்டையாகப் பிடித்து, குட்டியின் முகம் கதவுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். முதல் நாள் ஒரு மாடி போதும். நாய் அருகில் வருவதை விரும்பாதவர்கள் ஏறினால், கேட்கும்வரை காத்திராமல் இறங்கி அடுத்த லிஃப்டைப் பிடியுங்கள். குட்டியும் அமைதியாக இருக்கும், அக்கம்பக்கத்திலும் பேச்சு வராது.

வாரக்கணக்கில் பழக்கியும் கண்ணாடியைக் கண்டாலே நடுங்கினால், அல்லது மணிக்கணக்கில் அதையே வெறித்தால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவைக் காட்டினால் அவருக்கு எளிதாகப் புரியும்.